கொட்டகைப் பனி

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச்சரிவில், டிசம்பர் வெயிலில், புல் கூச்சமே இல்லாமல் பச்சையாகக் கிடக்கிறது; பனிச்சறுக்கு லிஃப்டின் வெற்றுக் கொக்கிகள் காற்றில் கிறீச்சிடுகின்றன. லிஃப்டுக்காரர் ஃபோல்க்மார் கொட்டகைக்குப் பின்னால், கூரையிலிருந்து சரிந்த பனிக்குவியலில் அளவுகோலைச் சொருகுகிறார். ஊரின் பனி நிலவரம் இப்படித்தான் தயாராகிறது. "ஃப்ரிட்ஜுல இருக்கறதையும் சேர்த்துக்கோங்க!" என்கிறாள் வேலிக்கு மேலாக எட்டிப்பார்க்கும் பக்கத்து வீட்டுக் கெர்லிண்டே. ஃபோல்க்மாரின் கைபேசியில் அவர் மகள் அழைக்கிறாள். விடுமுறைக்குப் பேரன் வந்து இங்கேதான் சறுக்கப் பழகுவான் என்று அக்டோபரிலிருந்து ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் மனிதர். "முப்பது செண்டிமீட்டர்மா, கிளம்பி வாங்க." "கொட்டகைக்குப் பின்னாலயா அளந்தீங்க? சின்ன வயசுல அந்தக் கோலைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தானேப்பா. நாங்க ஆஸ்திரியாவுக்குப் போறோம். அங்க ஒண்ணரை மீட்டராம்." அவள் வைத்துவிட்ட பிறகும் கைபேசி அவர் காதிலேயே இருக்கிறது. "அதை யாரு அளந்தாங்களாம்?" என்று கேட்கிறார்.