வாலில் ஒன்று மிச்சம்

“அக்கா, ஒரு எலும்பு மிச்சமாயிடுச்சு.”

டிக்கெட் கவுன்ட்டர் அக்கா ரப்பர் ஸ்டாம்பில் தேதியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். “கோழியா, ஆடா?” என்றாள் நிமிராமலே.

“திமிங்கிலம்.”

ஸ்டாம்ப் கையிலேயே நின்றது.

அந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவனுக்குத் தூசி என்று பெயர். பெற்றோர் வைத்தது வேறு. பஞ்சடைத்த புலியிலிருந்து ஊசி குத்திய வண்டு வரை ஆறு வருடமாகத் துடைத்ததில் அந்தப் பெயரும் சேர்ந்து போய்விட்டது. இன்னமும் தற்காலிகம்தான். வேலை நிரந்தரமாகுமா, மூட்டையைக் கட்ட வேண்டுமா என்பது இன்று வரப்போகும் நிபுணரின் கையில் இருந்தது. வட்டாரத்திலுள்ள இயற்கைக் காட்சியகங்களையெல்லாம் சுற்றி, ‘அவசியம் பாருங்கள்’ என்று அவர் ஒரு பட்டியல் போடுகிறார். அதில் இடம் கிடைத்தால் கூட்டம் வரும். கிடைக்காவிட்டால் கட்டடத்தையே இழுத்து மூடுவதாக மேலிடம் சொல்லியாயிற்று.

எலும்பு என்று வந்துவிட்டால் மனிதர் எமனாம். போன வாரம் மீன் காட்சியகத்தை ‘மீன்களுக்கே ஆர்வமில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

“வாலைக் கழட்டித் துடைச்சு, மறுபடி கம்பியில கோத்தேன்க்கா. இது மட்டும் முன்னாடியும் ஒட்டல, பின்னாடியும் ஒட்டல. கடைசியில பார்த்துக்கலாம்னு ஓரமா வெச்சேன். நட்டை முறுக்கிட்டு ஏணியிலேர்ந்து இறங்கிப் பார்த்தா, இது கீழேர்ந்து என்னையே பார்க்குது.”

துணிப்பையைத் திறந்து காட்டினான். முஷ்டி அளவு எலும்பு, லேசான தேநீர் நிறத்தில்.

“ஏறி மாட்டித் தொலையேன்டா!”

“அவர் வந்துட்டாருக்கா.”

வாசலில் கார் நின்றது. கதவைத் திறக்கக் காப்பாட்சியர் ஓடினார். மூன்று வருடத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

நிபுணருக்கு ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு தோல் பை.

“சார், இது பட்டாம்பூச்சி அறை. நாலாயிரம் வகை...”

“அழகு. திமிங்கிலம்?”

“அதுக்கு முன்னாடி நம்ம புலி...”

“புலிக்கென்ன, எங்க போயிடப் போகுது?” என்று அவர் முன்னால் நடந்தார். திமிங்கிலக் கூடத்தின் நிலைப்படி தாழ்வானது. முதல்முறை வருகிற எல்லோரும் நெற்றியில் ஒன்று வாங்காமல் போவதில்லை. நிபுணர் பேச்சுவாக்கில் குனிந்து உள்ளே போனார். பின்னால் வந்த காப்பாட்சியர்தான் ‘ணங்’ என்று இடித்துக்கொண்டார்.

“நீங்க போய்ப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துட்டு வாங்க” என்றார் நிபுணர் அவரிடம். “அவசரமில்ல. மெதுவா வந்தாப் போதும். தம்பி, ஏணியைப் பிடி.”

கூடத்தில் இருவர் மட்டும். நிபுணர் ஏறினார். தோல் பையிலிருந்து ஒரு ஸ்பேனர் எட்டிப் பார்த்தது. வாலின் நுனியிலிருந்து விரல் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை எண்ணியபோது அவர் முகம் திமிங்கிலத்தைவிட வெளுத்திருந்தது.

“தம்பி, கடைசியிலேர்ந்து நாலாவது எங்க?”

எலி தூக்கிப்போய்விட்டது என்று சொல்வதாக உத்தேசம். அந்த எலும்பைத் தூக்குகிற எலியை நினைத்துப் பார்த்ததும் தூசிக்கே நம்பிக்கை போய்விட்டது. வீட்டில் மனைவி காலையில் சொன்னது வேறு காதில் ஒலித்தது: “இன்னிக்கு ஒரு நாளாவது எதையும் கீழே போட்டுடாதீங்க.”

“நான்தான் சார். வேணும்னு செய்யல. வேலையை மட்டும்...” என்று பையை நீட்டினான். 

இரண்டிரண்டு படியாக இறங்கி வந்து பையைப் பறித்துக்கொண்டார். நிபுணர் எலும்பைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, எதற்கோ, மோந்து பார்த்தார்.

“வேற யாராச்சும் பார்த்தாங்களா?”

“டிக்கெட் அக்கா மட்டும்தான் சார். ரெண்டே நிமிஷம், ஏறி மாட்டிடறேன்.”

“மாட்டாதே!”

கூடமே அதிர்ந்தது. பஞ்சடைத்த பறவைகள்கூட ஒரு கணம் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. தூசி மனத்துக்குள் மூட்டையைக் கட்டத் தொடங்கினான்.

ஒட்டடையோடு ஒட்டடையாகப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு காப்பாட்சியர் வந்தார். மறுபடியும் ‘ணங்’. அதற்குள் தோல் பையின் ஜிப் மூடியிருந்தது.

“உங்க திமிங்கிலத்துக்கு வால்ல ஒரு எலும்பு இல்ல” என்றார் நிபுணர்.

காப்பாட்சியர் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லாததை இல்லைன்னே காட்டியிருக்கீங்க பாருங்க, அதுதான் நேர்மை. கண்டதையும் செருகி ஒப்பேத்துறவங்க இருக்காங்க. பட்டியல்ல உங்களுக்குத்தான் முதல் இடம். இந்தத் தம்பியை உடனே நிரந்தரமாக்குங்க. நானே மேலிடத்துக்கு எழுதறேன்.”

தூசிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்த வரைக்கும் கண் கலங்கிவிட்டது. காரில் ஏறப்போனவரிடம் ஓடிப்போய்க் கும்பிட்டான்.

“சார், என் குடும்பமே உங்களுக்கு நன்றி சொல்லும். உயிருள்ள வரைக்கும் மறக்கமாட்டேன்.”

நிபுணர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவன் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“நன்றி நான்தான் தம்பி சொல்லணும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க துடைக்கிற வேலை எனக்குத்தான். கைதவறிப் போட்டு உடைச்ச வால் எலும்புக்குப் பதிலா, கறிக்கடையில மாட்டெலும்பு வாங்கி, டீயில ஊறவெச்சு நான்தான் செருகினேன். யாராவது கண்டுபிடிச்சிடுவாங்களோங்கிற பயத்துலதான் எலும்புப் படிப்பே படிச்சேன்.”