கேரவனுக்கு ஒரு குழாய்

“புகார் குடுத்த ஆளு இந்தக் கூடத்துலதான் உக்காந்திருக்கு. கொஞ்சமாவது வெக்கம் இருக்கா பாருங்க!” என்றான் டாரன்.

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பின்வரிசைக்குத் திரும்பின. அங்கே ஹிலரி கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

ஹாக்ஸ்பெக் கிராமத்து ஊர் மன்றக் கூட்டத்துக்கு இவ்வளவு பேர் வந்ததே இல்லை. தேவாலயக் கூரை ஒழுகியபோதுகூட ஆறு பேர்தான் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் இன்றைய விஷயம் ருசியானது.

கிழவர் கிளிஃபோர்டின் பண்ணை முற்றத்தில், மகன் டாரனும் மருமகள் ஷெரிலும் இரண்டு வருடமாக ஒரு கேரவனில், அதாவது சக்கரம் வைத்த வீட்டில், குடியிருக்கிறார்கள். அது அனுமதி வாங்காமல் போட்டது என்று யாரோ மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார்கள். யார் என்று அதிகாரிகள் சொல்ல மாட்டார்கள். ஊருக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த லீட்ஸ் நகரத்துக்காரியைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

அன்றிலிருந்து ஹிலரி பட்டது கொஞ்சநஞ்சமல்ல. அவள் தலையைக் கண்டாலே கடைக்காரி பிரெண்டா, ‘கடை மூடியிருக்கிறது’ பலகையைத் திருப்பி மாட்டிவிடுவாள். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், வாசலை மறைத்து ஒரு டிராக்டர் சாணி குவிந்து கிடந்தது. கணவன் இறந்த பிறகு, இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய வீடு அது. விட்டுவிட்டுப் போக அவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

ஊரிலேயே அவளிடம் முகம் கொடுத்துப் பேசியது கிளிஃபோர்ட் ஒருவர்தான். டாரன் கண்ணில் படாமல் வேலியோரம் வந்து முட்டை கொடுப்பார். “பயப்படாதீங்கம்மா. இவனுங்க மிரட்டுறானுங்கன்னு எதையும் விட்டுக்குடுத்துடாதீங்க” என்பார். தன் மகன் குடியிருப்புக்கே ஆபத்து வந்திருக்கும்போதும் இப்படி ஒரு பெரிய மனசா என்று ஹிலரி உருகிப்போவாள்.

தலைவி மார்ஜரி மேசையைத் தட்டினாள். மாவட்ட மன்ற உறுப்பினர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“அனுமதி வாங்கிக் குடுத்துடலாம். கழிவுநீர்தான் சிக்கல். குழாய் போக வழி இல்லைன்னா, இந்த மாசக் கடைசிக்குள்ள கேரவனை எடுத்துத்தான் ஆகணும்.”

“வழியா? லீட்ஸ் மகாராணியோட தோட்டம்தான் இருக்கே!” என்றாள் ஷெரில். “குடுத்துக் கிழிச்சிருவாங்க!”

கூடம் சிரித்தது. டாரன் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டான். “வயசான மனுசனைத் தனியா விட்டுட்டு நாங்க எங்க போவோம்? எங்கப்பாவுக்கு எங்களை விட்டா யாரு இருக்கா?”

கிளிஃபோர்ட் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். “நான் என்ன சொல்றேன்னா, சட்டம்னு ஒண்ணு இருக்கும்போது...”

டாரன் அவர் தோளில் கைவைத்து உட்கார வைத்தான். “நீங்க அலட்டிக்காதீங்கப்பா. நான்தான் பேசுறேன்ல.” பாவம், இந்த வயதில் இந்த மனுசனுக்கு இப்படி ஒரு சோதனையா என்று நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள்.

ஹிலரி எழுந்து நின்றாள்.

“மூட்டையைக் கட்டும்மா, காத்து வரட்டும்!” என்று யாரோ கத்தினார்கள். ஆனாலும் அவள் உட்காரவில்லை.

“நான் யார் மேலயும் புகார் குடுக்கல. நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. குழாய் என் தோட்டம் வழியாவே போகட்டும். ஒரு காசு வேண்டாம். அப்புறம் பேச்சு மாத்த மாட்டேன், இப்பவே எழுதிக் குடுத்துடறேன்.”

முதலில் கைதட்டியது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிரெண்டா. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் தட்டியது. சாணி கொட்டிய கைகளும் அதில் சேர்த்தி.

மார்ஜரி ஆதரவு கேட்டாள். கைகள் சடசடவென்று உயர்ந்தன. கிளிஃபோர்ட் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று முன்வரிசைப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“குழாய் வந்தாச்சுன்னா, அந்தக் கேரவனை இனி யாராலயும் அசைக்க முடியாது!” என்று உறுப்பினர் சிரித்தார்.

வெளியே வந்த ஹிலரியோடு ஆளுக்கு ஆள் கைகுலுக்கினார்கள். “நாளைக்குக் கடைப்பக்கம் வாங்க” என்றாள் பிரெண்டா. கல்லாய்க் கனத்திருந்த ஹிலரியின் நெஞ்சு அப்போதுதான் லேசானது.

கார்களுக்கு நடுவே கிளிஃபோர்ட் நின்றிருந்தார். நன்றி சொல்லத்தான் நிற்கிறார் என்று நினைத்து அவளே போய்க் கையை நீட்டினாள். கிழவர் அதைத் தொடவில்லை.

“உன்னை யாரும்மா தோட்டத்தைக் குடுக்கச் சொன்னா?” என்று சீறினார்.

ஹிலரிக்கு ஒன்றும் ஓடவில்லை. “உங்களுக்காகத்தானேங்க குடுத்தேன். சத்தியமா அந்தப் போன் நான் பண்ணல.”

டாரன் காருக்குள்ளிருந்து ஹாரனை அமுக்கினான். “யோவ் கிழவா! பேசுனது போதும், வந்து ஏறு. இல்ல, நடந்தே வா!”

கிளிஃபோர்ட் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவள் காதருகே குனிந்தார்.

“தெரியும்மா. பண்ணதே நான்தான்.”