பாரத்துக்குத் தெரியாத இணைப்பு

ஒரு கபடி ஆட்டக்காரியின் உடைந்த தொடை எலும்பைக் கணினியில் வலையாகப் பின்னியது நான். அதற்குள் இறங்கப்போகும் உலோகத் தண்டைப் பின்னியது சாகுல். என் கண்ணிகள் கடுகளவு, அவனுடையவை கொண்டைக்கடலையளவு. இரண்டும் தொடும் இடத்தில் என் முடிச்சுகளை இழுத்து அவன் முடிச்சுகளோடு கட்டினோம். தாங்குமா என்று பார்க்கத் திரையில் பாரம் ஏற்றியதும் இணைப்பு நெடுகச் சிவந்தது. பச்சையென்றால் தாங்கும், சிவந்தால் முறியும் என்று அர்த்தம். பயந்துபோய்த் தண்டைப் பருமனாக்கினோம், அப்போதும் சிவந்தது. தண்டு பருக்கப் பருக்க, முகம் தெரியாத அந்தக் கபடி ஆட்டக்காரியின் எலும்பை இன்னும் அதிகமாகக் குடைய வேண்டியிருக்கும்.

பக்கத்து மேசை மெர்லின் வந்து பார்த்தாள். எலும்பை ஒதுக்கிவிட்டு, திரையில் ஒரு வெறும் கட்டையை வரைந்து அதன் மேல்பாதியில் என் வலையையும் கீழ்ப்பாதியில் அவன் வலையையும் விரித்து, எங்களைப் போலவே கட்டி, சீராக அழுத்தினாள். சீராக அழுத்தினால் எங்கும் ஒரே நிறம்தான் வரவேண்டும், அங்கேயும் இணைப்பு சிவந்தது.

"வலி எலும்புல இல்ல. நீங்க கட்டுன கட்டுல இருக்கு" என்றாள்.

பிறகு எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தாள். எந்த முடிச்சையும் இடம் மாற்றவில்லை. நடுவே மெல்லிய பரப்பொன்றை விரித்து, இந்தப் பக்கத்து அழுத்தம் அதன் வழியே அந்தப் பக்கம் பரவும்படி செய்தாள். கட்டை முழுக்க ஒரே பச்சை. தொடைக்கும் அப்படியே செய்தாள், நாங்கள் முதலில் வரைந்த மெல்லிய தண்டோடு. சிவப்பு எங்குமே இல்லை.

சாகுல் திரைமேல் விரலை ஓட்டி இணைப்பைத் தேடினான்.

"அது அங்கயேதான் இருக்கு சாகுல்" என்றாள் மெர்லின். "பாரத்துக்குத்தான் தெரியல."