இன்னொரு சைக்கிள்

கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்க வேண்டிய பந்தயம் அது. ஒவ்வோர் ஆண்டும் ஜெசிந்தா கரையேறும்போது, எல்லாருடைய சைக்கிள்களையும் மாட்டிவைக்கும் நீண்ட கம்பியில் அவளுடைய சைக்கிள் மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் அடையாளம் தெரியட்டும் என்று கைப்பிடியில் கட்டிய சிவப்பு ரிப்பனுக்கு இதுவரை வேலையே வந்ததில்லை. ஒரே ஒரு தடவையாவது பக்கத்தில் இன்னொரு சைக்கிள் இருக்க வேண்டும், தன்னுடையதைத் தேடி எடுக்க வேண்டும். பரிசுக்குக்கூட அவள் இவ்வளவு ஏங்கியதில்லை.

இன்று மூச்சு வாங்க மணலில் ஓடிவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ரிப்பனுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு சைக்கிள். வருடம் தவறாமல் முதலில் வரும் வைதேகியுடையது. அதன் கீழே, கால் நுழைக்க வாகாக நாடா தளர்த்திய ஷூக்கள் காத்திருந்தன.

"எக்கா, நிக்காதிய! சைக்கிள எடுங்க," என்று கத்தினான் காவலுக்கு நின்றவன்.

"வைதேகி வெளிய வந்துட்டாவளா?"

"எல்லாரும் போயாச்சு. எப்பவும் நீங்கதானக்கா கடைசி?"

அவனுக்குப் பின்னால் காவல் படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா வந்துவிட்டால் கடலில் ஆளில்லை என்பது அங்கே வழக்கம்.

காற்றில் ரிப்பன் படபடத்துக் கறுப்புக் கைப்பிடியைத் தொட்டது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு, கழற்றிய நீச்சல் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, அவள் கடலை நோக்கி ஓடினாள்.