ஆறாத டீ

புது அலமாரி வாங்கினால் கையைக் கடிக்கும். அதனால் சமையலறைச் சுவரில் யாரோ எப்போதோ அடைத்துவிட்ட மாடத்தைத் திறந்துகொள்ளலாம் என்று அவள்தான் சொன்னாள். கொத்தனார் நாலைந்து செங்கலைப் பெயர்த்தவர், அப்படியே நின்றார். உள்ளே ஒரு டம்ளர் டீ இருந்தது. ஆவி பறந்தது.

"நீங்க வெச்சீங்களாம்மா?"

"நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலைங்க."

கணவன் எட்டிப் பார்த்தான். "கொட்டிட்டு வேலையைப் பாருங்க."

அவளுக்கு மனசு வரவில்லை. கல்யாணமான நாளாக, தனக்கென்று போட்ட டீயை அவள் சூடாகக் குடித்ததே இல்லை.

"வேண்டாங்க. யாரோ ஆசையாப் போட்டு வெச்சிருக்காங்க. ஆறிடறதுக்குள்ள மூடிடுங்க."

கொத்தனார் சாந்து குழைத்தார். கடைசிச் செங்கலை வைக்கப்போனவர், முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அவளைத் திரும்பிப் பார்த்தார். டம்ளரில் பாதிதான் மீதியிருந்தது.