ஒரு நல்ல பள்ளம்

பள்ளத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

இளமதி காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி இன்னொரு முறை பார்த்தாள். சந்தேகமே இல்லை. நேற்று மாலைவரை ஆள் உயரத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்த பாதாளச் சாக்கடைப் பள்ளம் இன்று ஜல்லி கொட்டி, மண் நிரவி, தண்ணீர்கூடத் தெளித்து, கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

"வாங்கக்கா, வாங்க. ரோடு கிளியர்." பச்சை ஜாக்கெட் போட்ட ஆள் கொடியை ஆட்டினார்.

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

இந்த ரோடு நேராகக் காக்களூரில் நாத்தனார் ஹேமாவதி வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும். பத்தே நிமிடம். ஒவ்வொரு ஞாயிறும் அங்கே மதிய விருந்து. ஹேமாவதியின் கணவர் ஆதிநாராயணன் புது ஸ்பீக்கரும் இரண்டு மைக்குமாக உட்கார்ந்திருப்பார். ஒரு மைக் அவருக்கு. இன்னொன்று விருந்துக்கு வருகிறவருக்கு.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனபோது, சாப்பிட்ட கை காய்வதற்குள் இளமதி பதினொரு டூயட் பாட வேண்டியிருந்தது. அவளுக்குப் பாட வராது என்பதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "கூச்சப்படாம இழு தங்கச்சி," என்றார். அவள் இழுத்தாள். பக்கத்து வீட்டு நாய் கூடச் சேர்ந்து இழுத்தது.

அவள் கணவன் பாஸ்கருக்கு மட்டும் ஞாயிறுதோறும் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் விழுந்துவிடுகிறது. எப்படி விழுகிறது என்று அவள் கேட்டதில்லை.

கரூரிலிருந்து வேப்பம்பட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னும் ஊர் பிடிபடவில்லை. ஆனால் தோண்டிப் போட்ட தெருக்கள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. 'இந்தப் பக்கம் வராதீங்க' என்று குடியிருப்பு வாட்ஸப் குழுவில் யாராவது படம் போட்டால் மற்றவர்கள் சுற்றிப் போவார்கள். இளமதி அதை நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்வாள். எந்த வழியில் போனால் நிச்சயமாகப் போய்ச் சேர முடியாது என்று சனிக்கிழமையே முடிவு செய்துவிடுவாள்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் பொய் அவளுக்கு உள்ளே இறங்காது. மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கும். அவளே குற்றவாளி, அவளே நீதிபதி என்று மூன்று நாள் வழக்கு நடக்கும். நிஜமாகவே குளித்து, நிஜமாகவே கிளம்பி, நிஜமான ஒரு பள்ளத்தின் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பிவிட்டால் மனசாட்சி வாய் திறக்காது.

இப்போதோ முன்னால் கிடப்பது ரோடு. கண்ணைப் பறிக்கும் நல்ல ரோடு.

"இன்னாக்கா, ரோட்டத் தொறந்து உட்டா போவ மாட்டேன்றீங்க?"

"அண்ணே, வேற எங்கயாச்சும் தோண்டியிருக்காங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"ஏரிக்கரையாண்ட தோண்டிக்கினு கீறாங்க. காரெல்லாம் போவாது."

"நிச்சயமாப் போகாதா?"

"சத்தியமா போவாதுக்கா."

அவள் மனமார நன்றி சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

அந்த மனிதர் வாக்குத் தவறவில்லை. ஏரிக்கரைப் பள்ளத்தைப் போல ஒன்றை அவள் இந்த மூன்று மாதத்தில் பார்த்ததில்லை. கரைக்குக் கரை பன்னிரண்டு அடி இருக்கும். அடியில் கலங்கல் தண்ணீர். அக்கரையில் ஒரு ஜே.சி.பி. இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. இளமதிக்கு மனசு குளிர்ந்தது. படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கியபோது அதுவே அடித்தது.

ஹேமாவதி.

"அண்ணி, எங்க வந்துக்கினு இருக்கீங்க? அவுரு மைக்கோட ஒக்காந்துக்கினு கீறாரு. நான் இங்க அடுப்பாண்ட வெந்துக்கினு..."

ஜே.சி.பி. பீங், பீங் என்று அலறியபடி பின்னால் நகர்ந்தது. அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக இளமதியின் ஒரு காதில் விழுந்தது. போன் வழியாக இன்னொரு காதிலும் விழுந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அவளைப் பார்த்தபடி ஹேமாவதியின் சிவப்புக் கார் நின்றிருந்தது. முன் இருக்கை மல்லாந்து கிடந்தது. டேஷ்போர்டின் மேல் மருதாணி வைத்த இரண்டு பாதங்கள்.

"முன்னாடி ஒரு பள்ளம் ஹேமா," என்றாள் இளமதி. பொய்தான் வராதே. "அந்தப் பக்கம் உன் கார் நிக்குது."

பாதங்கள் அப்படியே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. இருக்கை மெல்ல மெல்ல நிமிர்ந்தது. வாய் நிறைய முறுக்கோடு ஹேமாவதி அவளைப் பார்த்தாள்.

விருந்தாளி வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரண்டாவது மைக் யார் கைக்குப் போகும் என்று இளமதி இதுவரை யோசித்ததே இல்லை.

"அவுராண்ட, ஒங்களுக்கு வழி தெரியாதாம், நான் போயி கூட்டியாரேன்னு சொல்ட்டு வந்துடுவேன் அண்ணி," என்றாள் ஹேமாவதி கடைசியில். "வாராவாரம்."



ஹேமாவதி காரிலிருந்து இறங்கி ஜே.சி.பி. ஓட்டுநரிடம் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். தோண்டிக்கொண்டிருந்த மஞ்சள் கை நின்றது. ஹேமாவதி அதனருகே குனிந்து நிமிர்ந்தாள். கை உயர்ந்து, பள்ளத்தைத் தாண்டி, பச்சைக் குழந்தையை ஏந்தி வருவதுபோல் பதவிசாக வந்து, இளமதியின் காருக்கு முன்னால் இறங்கியது.

சேறு படிந்த இரும்பு வாளிக்குள் பாதி காலியான முறுக்குப் பொட்டலம் ஒன்று இருந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டபோது போனில் ஹேமாவதி ரகசியம் போலச் சொன்னாள்.

"கேட்டுட்டேன் அண்ணி. இத்த மூட இன்னும் ரெண்டு மாசம் ஆவுமாம்."