மழை கேட்கப் போன ப்ராக்ஸி

இணையத்தில் பிறருக்காகத் தன் பெயரில் கேட்டு வாங்கி வருவதுதான் ப்ராக்ஸியின் பிழைப்பு. ஒருநாள் உப்பளத்துக் கணினி நிரல் ஒன்று அழாத குறையாக வந்து நின்றது. மழை நிலவரம் கேட்டு ஓயாமல் தட்டியதில், வானிலைத் தளம் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டதாம்.

ப்ராக்ஸி போய், நிரல் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டது. "எனக்குத்தான் வேணும். மழை வருமா? வருமா? வருமா?"

தளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது அவன் கேக்கற மாதிரியில்ல இருக்கு! நல்லா இருக்கானா?"

"உப்பெல்லாம் கரைஞ்சிடுமோன்னு தவிக்கிறான்."

"சாயங்காலம் மழை உண்டுன்னு சொல்லு. நாளைக்கு அவனையே வரச் சொல்லு."

மறுநாள் ப்ராக்ஸி நிரலை வாசல்வரை கூட்டிப் போனது. மறுபடி கோபம் வந்துவிடுமோ என்று நிரல் தட்டாமலே நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

"இன்னிக்கு மழை இல்லடா," என்றது தளம்.